நாற்பத்தொரு நாள் பூட்டு

லப்பைக்குடிக்காட்டில் அன்சார் என்று கேட்டால் எந்த அன்சார் என்பார்கள். 'மவுத் லிங்க்' அன்சார் என்று கேளுங்கள், பஸ் நிறுத்தத்தில் பஜ்ஜி போடுகிறவர்கூட அடுப்பை விட்டு வந்து வழி காட்டுவார். மவுத் என்றால் சாவு. ஊரில் ஒரு சாவு விழுந்தால், அரபு நாட்டில் இருக்கிற பிள்ளைகளின் செல்போனுக்கு அன்சாரிடமிருந்து ஒரு லிங்க் போகும். அதைத் திறந்தால் கடைசி முகம் பார்க்கலாம். நல்ல காரியம்தான், ஆனால் ஒரு மனிதனுக்கு இப்படியா பெயர் வைப்பார்கள்! கல்யாண வீட்டுக்குள் அவன் நுழைந்தால் பெண்ணைப் பெற்றவர் முகத்தில் சிரிப்பு ஒரு நிமிடம் நின்றுபோகும். அன்சாருக்கும் அது தெரியும். பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுவான்.

வயது நாற்பத்தாறு. தம்மாமில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவன். கம்பெனி ஆட்குறைப்பு என்று ஆரம்பித்தபோது முதல் பட்டியலிலேயே இவன் பெயர் இருந்தது. ஊருக்குத் திரும்பி, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டான். வீட்டில் மனைவி மர்ஜியா மட்டும். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதும் இல்லை.

இந்த லிங்க் சமாச்சாரம் ஆறு வருடத்துக்கு முன் நடந்த ஓர் அசிங்கத்திலிருந்து வந்தது. ஒரு வீட்டில் இறந்துபோன பெண்ணின் முகத்தை, துபாயில் இருந்த மகனுக்காக யாரோ செல்போனில் பிடித்து அனுப்பினார்கள். மகனோடு நின்றிருந்தால் சரி. அது குரூப் குரூப்பாகச் சுற்றி, மறுநாள் பெரம்பலூர் மீன் மார்க்கெட்டில் ஒருத்தன் அந்த வீட்டுக்காரரிடமே நீட்டி, "பாய், இது உங்க தெருவாமே?" என்று கேட்டிருக்கிறான். புருஷன், பிள்ளை, கூடப்பிறந்தவன் தவிர அந்நிய ஆம்பளைக்கு ஆயுசு முழுக்க முகம் காட்டாத பெண் அவர். ஜமாஅத் கூடியது. மய்யித்து கிடக்கிற சாவு வீட்டுக்குள் இனி செல்போன் கூடாது என்று முடிவானது.

முடிவு சரிதான். ஆனால் வீட்டுக்கு ஒருவன் கடல் தாண்டிக் கிடக்கிற ஊரில், இறந்த அன்றைக்கே அடக்கம் செய்கிற வழக்கத்தில், அவன் எப்போது டிக்கெட் எடுத்து எப்போது வந்து சேருவது? பிள்ளைகள் போனில் கதறுவதைக் கேட்கச் சகிக்கவில்லை. அப்போதுதான் அன்சார், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி அப்துல் மஜீதுவிடம் போனான். "மாமா, நம்ம மதரஸா மாடியிலயே ஒரு சர்வர் வெச்சிடுறேன். படம் நம்ம பெட்டியிலதான் இருக்கும். மவன், அண்ணன், தம்பி, இவங்களுக்கு மட்டும் லிங்க்கும் பாஸ்வேர்டும் குடுப்போம். ஷிஃப்ட்ல இருக்குறவனுக்காக ஏழு நாளு வெச்சிருந்துட்டு அழிச்சிடலாம். பொம்பளை மவுத்துன்னா மர்ஜியா உள்ள போயி புடிப்பா. நான் வாசல்லயே நிப்பேன்."

அப்துல் மஜீது தாடியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் யோசித்தார். "செய்யி. ஆனா ஒண்ணு. நம்ம பொம்பளைங்க மூஞ்சி அந்நிய ஆளு ஒருத்தன் கண்ணுல பட்டுச்சின்னு வையி, அன்னிக்கே பெட்டிய அணைச்சிடணும். பேச்சு கீச்சு கெடையாது."

"சரி மாமா," என்றான் அன்சார்.

பெட்டிக்குள் அவன் போட்டது ஃப்ரீபிஎஸ்டி. யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த ஒரு இயங்குதளம். தம்மாமில் பழகிய கை அதில்தான் ஓடியது. அதில் இரண்டு பங்கு உண்டு. இயங்குதளத்தை எழுதியவர்களே பொறுப்பேற்கிற அடிப்படை ஒன்று. அதன் மேல் நாம் கொண்டுவந்து ஏற்றுகிற வெளியார் மென்பொருள்கள் இன்னொன்று. படம் ஒளிபரப்புவது, பாஸ்வேர்டு கேட்பது எல்லாம் இந்த இரண்டாவது பங்கில் வரும். அடிப்படையைப் புதுப்பித்துவிட்டால் மற்றதும் தானாகப் புதுசாகிவிடும் என்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். வெளியார் மென்பொருளுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். எதில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்று பெட்டி தினமும் விடியுமுன்னே தானாகச் சரிபார்த்து அன்சாருக்கு மெயில் போட்டுவிடும். சுபுஹு தொழுகை முடித்து வந்ததும் அவன் டீயோடு பார்ப்பது அந்த மெயிலைத்தான். ஓட்டை என்று வந்துவிட்டால் கடைக்குப் போகுமுன் மதரஸா மாடி ஏறி, அந்த மென்பொருளைப் புதுப்பித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவான். மூன்று வருடம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட்டதில்லை.

அந்த ஒழுங்கைக் கெடுத்தது ஒரு நல்ல நாளில் செய்த அப்டேட்தான். காலையில் ஒளிபரப்பு மென்பொருளைப் புதுப்பித்தான். லுஹர் தொழுகைக்கு முன் அப்துல் மஜீதுவின் அண்ணன் இறந்துவிட்டார். புதிய பதிப்பு படம் பிடிக்கிற டேப்லெட்டை ஏற்க மறுத்தது. நாற்பது நிமிடம் படமே வரவில்லை. வந்தபோது உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கிவிட்டார்கள். தோஹாவில் இருந்த மகன் பார்த்ததெல்லாம் தெருவில் போகிற கூட்டத்தின் முதுகுகளைத்தான்.

ஊர் அன்சாரை ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, யார் சொல்லியும் வராத ஒரு வழக்கம் வந்து சேர்ந்தது. வீட்டில் யாருக்காவது சக்கராத்து, அதாவது உயிர் பிரிகிற நேரத்துத் தவிப்பு, தொடங்கிவிட்டால் முதலில் பள்ளிவாசல் அசரத்துக்குச் சொல்வார்கள், அடுத்து அன்சாருக்குச் சொல்வார்கள். "பெட்டிய தொடாதீங்க அண்ணே" என்பார்கள். அன்சாரும் போய் அந்த ஒளிபரப்பு மென்பொருளுக்கு மட்டும் பூட்டுப் போடுவான். இதைப் புதுப்பிக்காதே என்று பெட்டிக்குச் சொல்கிற ஒற்றை வரிக் கட்டளை அது. அடக்கம் முடிந்ததும் பூட்டை எடுப்பான். ஒரு நாள், மிஞ்சினால் மூன்று நாள். யாருக்கும் ஒரு கேடும் வரவில்லை.

ஐப்பசி பிறந்த வாரத்தில் பத்ருன்னிசா மாமியை அரியலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இனி வைத்தியம் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். மகள் ருமைசா அன்றைக்கே அன்சாருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அம்மாவுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. தம்பி உசாமாவுக்கு லீவு தர மாட்டேங்குறாங்க. அவன் பாலைவனத்துல கேம்ப்புல கெடக்கான். பெட்டிய பாத்துக்கங்க."

"நீ கவலப்படாதம்மா. நான் இன்னிக்கே பூட்டு போட்டுடுறேன்," என்றான். போட்டான்.

இன்றைக்கோ நாளைக்கோ என்ற அந்த உயிர் அசையவில்லை. ஒரு வாரம் போனது. ஒன்பதாம் நாள் காலை மெயிலில் அந்த ஒளிபரப்பு மென்பொருளின் பெயர் வந்தது. அன்சார் விவரத்தைத் திறந்து படித்தான். பாஸ்வேர்டு இல்லாமலேயே வெளியிலிருந்து ஒருவன் உள்ளே வந்து கோப்புகளை எடுத்துக்கொண்டு போகலாம் என்று எழுதியிருந்தது. டீ ஆறிப்போனது. இதைவிட மோசமான ஓட்டை அந்தப் பெட்டிக்கு வந்ததில்லை.

ஒரு முழு நாள் உட்கார்ந்தால் புதிய பதிப்பைப் போட்டு, டேப்லெட்டோடு பழக்கி, சோதித்துப் பார்த்துவிடலாம். அந்த ஒரு நாளில் மாமி போய்விட்டால்? தோஹா பையனின் நாற்பது நிமிடம் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை. சரி, இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்று எழுந்தான். மறுநாளும் அதே வரி வந்தது. பூட்டுப் போட்டிருக்கிறோம் என்பதற்காக அந்த மெயில் சும்மா இருக்குமா? பெட்டி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

தினமும் காலையில் ருமைசாவின் வீட்டு வழியாகத்தான் அன்சார் பஸ்ஸுக்குப் போனான். வாசலில் நின்று, "இன்னிக்கி எப்படி இருக்காங்க?" என்று கேட்பான். "அப்படியேதாண்ணே. ரெண்டு சொட்டு தண்ணி எறங்குது," என்று திரைக்கு உள்ளேயிருந்து குரல் வரும். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் சொல்லும். உள்ளுக்குள் ஒன்று சோர்ந்து விழும். பஸ்ஸில் உட்கார்ந்து, மழையில் சாய்ந்து கிடக்கிற மக்காச்சோளத்தைப் பார்த்தபடி போகும்போது அவனுக்கே தன்னை நினைத்தால் அருவருப்பாக இருக்கும். ஒரு வேலையை முடிப்பதற்காக ஒரு மனுஷி சாவதற்குக் காத்திருக்கிறோமே, நாமெல்லாம் மனுஷனா என்று தோன்றும். முப்பது நாள் தாண்டியபின் அந்த மெயிலைத் திறப்பதையே விட்டுவிட்டான்.

நாற்பத்தோராம் நாள், வியாழக்கிழமை, சூரியன் ஏறிய நேரத்தில் பத்ருன்னிசா மாமி மவுத்தானார். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, கற்பூர வாசனை நிறைந்த அந்த அறையில் மர்ஜியா டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படம் கண்ணாடி போல வந்தது. கேம்ப்பில் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் உசாமாவுக்கு ஆறு நிமிடம்தான் கிடைத்தது. ஆறு நிமிடமும் அவன் மூச்சு வாங்குகிற சத்தம்தான் கேட்டது. பிறகு அன்சாருக்கு எழுதியிருந்தான்: 'அண்ணே, அல்லா உங்களுக்கு நற்கூலி தரட்டும்.'

அன்சார் அடக்கம் முடிந்து நேராக மதரஸா மாடி ஏறினான். பூட்டை எடுத்தான், புதிய பதிப்பைப் போட்டான், அசர் தொழுகைக்குள் சரிசெய்துவிட்டான். ஓட்டை அடைபட்டது. ஆனால் ஒரு ஓட்டை முப்பத்திரண்டு நாள் திறந்து கிடந்தால் அடைப்பது மட்டும் வேலை இல்லை, இதற்குள் யாராவது உள்ளே வந்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று பெட்டி எழுதி வைத்திருக்கும் பதிவை முழுக்கப் படிக்க வேண்டும். தம்மாமில் புதுப் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். அன்றைக்கு அவனுக்கு உடம்பு ஓய்ந்திருந்தது, மனது அதைவிட ஓய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று நினைத்தான். வெள்ளி, சனி இரண்டும் கடை வேலையில் போய்விட்டன. உண்மையில் ஒருவன் ஏற்கெனவே உள்ளே வந்து இருபது நாளாகியிருந்தது. வாசலை அடைத்ததால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வரப்போக வேறு வழியை முன்பே செய்து வைத்திருந்தான்.

திங்கட்கிழமை காலை, அன்சார் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது மர்ஜியா சமையலறையிலிருந்து வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. ஷார்ஜாவில் இருக்கும் அவளுடைய மாமன் மகள் ஒரு இணைய முகவரி அனுப்பியிருந்தாள்.

"ஏங்க. இத பாருங்க. இது நாம புடிச்சதுதானே?"

ஏதோ ஒரு நாட்டின் வலைப்பக்கம். சூதாட்ட விளம்பரங்களுக்கு நடுவே, திருடிச் சேர்த்த வீடியோக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் வெள்ளைத் துணிக்குள் பத்ருன்னிசா மாமியின் முகம். பதினோராயிரம் பேர் பார்த்ததாகக் கணக்குக் காட்டியது. கீழே சிரிக்கிற பொம்மைகளை யார் யாரோ போட்டிருந்தார்கள். மர்ஜியா ஒலியைக் கூட்டினாள். "உசாமா, அம்மாவ பாருப்பா" என்று அவளுடைய குரலே கேட்டது. அவள் போனைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"நாந்தானே புடிச்சேன். எங்கையாலதானே புடிச்சேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்சார் என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றான்.

அப்துல் மஜீது அதைப் பார்க்க மறுத்துவிட்டார். "காட்டாத. நானும் அந்நியந்தான்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கேட்டார், "ஹேக்கர் பண்ணதுதானே? பெரிய பெரிய கம்பெனியிலயே பூந்துடுறானுங்க. நீ என்ன பண்ணுவ?"

அதோடு விட்டிருந்தால் ஊர் அதையேதான் பேசியிருக்கும். நல்ல மனுஷன், பாவம், யாரோ செய்ததற்கு இவன் என்ன செய்வான் என்று. அன்சாரால் அது முடியவில்லை.

"இல்ல மாமா. ஓட்டை இருக்குன்னு எனக்கு தெரியும். முப்பத்திரண்டு நாளா தெரியும். மாமி மவுத்தானதும் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்."

"அத ஏண்டா எங்கிட்ட சொல்ற?" என்றார் பெரியவர். கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. பிறகு, "போயி அணைச்சிடு," என்றார்.

ருமைசாவிடம் சொல்லப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. எப்போதும் போல வாசலில் நின்றுதான் சொன்னான். எல்லாவற்றையும் திரைக்கு அப்பாலிருந்து கேட்டாள். அழுகைச் சத்தம் வரும் என்று அன்சார் எதிர்பார்த்தான். வரவில்லை.

"தெனமும் காலைல வந்து கேப்பீங்களே, எப்படி இருக்காங்கன்னு."

"ஆமாம்மா."

"எங்கம்மா எப்ப சாவும்னு பாக்கத்தானே வந்தீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அன்சாருக்கு. அது உண்மை. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் அவன் பெட்டியை முழுக்கத் துடைத்தான். உள்ளே ஒருவன் இருந்த பெட்டியில் எதையும் நம்பி வைத்திருக்கக் கூடாது. ஒரு கோப்பு விடாமல் அழிக்க வேண்டும். ஏழு நாள் கணக்கில் இருந்த மாமியின் படத்தையும் அழித்தான். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. பிரதி எடுப்பதில்லை என்று ஜமாஅத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தான், அந்த ஒரு வாக்கையாவது காப்பாற்றினோம் என்று நினைத்தான். பிறகு மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியைச் சாக்கில் கட்டி மதரஸா அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை முத்தவல்லியிடம் கொடுத்தான்.

அதன் பிறகு அந்த வலைப்பக்கத்தோடு சண்டை. கடையில் வாடிக்கையாளர் கொண்டுவந்த லேப்டாப்கள் அப்படியே குவிந்தன. அந்தப் பக்கத்தை நடத்துகிறவனுக்கு, இடம் கொடுத்தவனுக்கு, அவனுக்கு மேலே இருப்பவனுக்கு என்று தினமும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினான். பெரம்பலூரில் சைபர் புகாரும் கொடுத்தான். எழுதி வாங்கிக்கொண்டு, வெளிநாட்டுச் சமாச்சாரம், நாளாகும் என்றார்கள். அவன் விடவில்லை. இந்த ஒன்றையாவது செய்து முடித்துவிட்டால் ருமைசாவின் வாசலில் போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று இருந்தான். நாற்பதுக்கு மேல் கடிதம் போனது. பதினேழாம் நாள் ஒருவன் பதில் போட்டான்: வீடியோ நீக்கப்பட்டது. அன்சார் நூறு தடவை திறந்து பார்த்தான். இல்லை. வேறெங்கும் தேடினான். எங்கும் இல்லை. அன்றைக்கு மர்ஜியா பல நாளுக்குப் பிறகு மீன் குழம்பு வைத்தாள், இருவரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த நாள் மத்தியானம், கடையில் இருக்கும்போது உசாமா கூப்பிட்டான். சாவுக்குப் பிறகு அவன் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. அன்சார் எழுந்து நின்றுகொண்டுதான் போனை எடுத்தான். ஏசட்டும், வாங்கிக்கொள்வோம் என்று இருந்தான்.

"தம்பி, நானே உனக்கு பேசணும்னுதான் இருந்தேன். எந்த முகத்த வெச்சிக்கிட்டு பேசுறதுன்னு தெரியல. ஆனா அத எடுக்க வெச்சிட்டேன் தம்பி. நேத்தோட எல்லாத்தயும் எடுத்துட்டாங்க. இப்ப எங்கயும் இல்ல."

லைன் போய்விட்டதோ என்று அன்சார் போனைப் பார்த்தான்.

"நீங்கதான் எடுக்க வெச்சீங்களா?" என்று கேட்டான் உசாமா.

"ஆமா தம்பி."

"உங்கள்ட்ட இருக்காண்ணே அது? பெட்டியில?"

"இல்லப்பா. அன்னிக்கே அழிச்சிட்டேன். ஒண்ணு கூட வெச்சிக்கல."

அப்புறம் உசாமா பேசியது மிகவும் மெதுவாக இருந்தது. தெருவில் போகிற பஸ் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டுதான் அன்சார் கேட்க வேண்டியிருந்தது.

"அன்னிக்கி ஆறு நிமிசம்தாண்ணே வந்துச்சு. அதுலயும் அழுதுக்கிட்டே இருந்ததுல ஒண்ணும் பாக்கல. ஆதார் கார்டுல இருக்குறது அம்மா மாதிரியே இல்ல. வேற போட்டோவே அவங்க எடுத்ததில்ல. ஷிஃப்ட் முடிஞ்சி வந்து தெனமும் அந்தப் பக்கத்துலதாண்ணே அம்மாவ பாத்துக்கிட்டு இருந்தேன். நேத்து தொறந்தா காணோம். அதான் உங்கள்ட்ட கேக்கலாம்னு கூப்ட்டேன்."

உசாமா போனை வைத்துவிட்டான்.